கொடிமலை இறங்கும் சைக்கிளுக்கு எந்தப் பிரேக்?



சென்ற பள்ளி விடுமுறையில், எங்களிடம் முன்பு படித்த பையன் ஒருவன் தோட்டத்துக்கு வந்திருந்தான். இப்போது பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை. மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், சக்கரத்தின் நடுவே பளபளக்கும் ஓர் இரும்புத் தட்டு. பிள்ளைகள் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். “வர்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிங்களோட கொடிமலை ஏறி இறங்கப் போறோம், சார்” என்றான்.

நாங்கள் குனிந்து முன் பிரேக்கைப் பார்த்தோம். பேட் தேய்ந்துபோய், அதன் முதுகுத் தகடு வெளியே தெரியும் நிலையில் இருந்தது. “தம்பி, இதோடு மலை இறங்காதே” என்றோம். பக்கத்தில் நின்ற அவனுடைய அம்மா, “சைக்கிள்தானே சார், காலை ஊனினா நிக்காதா?” என்று கேட்டார்.

அந்த அம்மா கேட்டதில் தவறில்லை. செபராங் பிறைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சைக்கிள் என்றால் சமதளத்தில் ஓடுவதுதான். பால் வாளியைக் கட்டிக்கொண்டு போன காலத்தில், பிரேக் கட்டை தேய்ந்துவிட்டால் செருப்பை டயரில் அழுத்தி நிறுத்தியவர்களை நாமே பார்த்திருக்கிறோம். சமதளத்தில் அது போதும். மலையில் ஏன் போதாது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

கொடிமலையின் ரயில் உச்சி நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர்மலைப் பக்கம், தாவரவியல் பூங்காவின் வாசலிலிருந்து மேலே போகும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் நூறு மீட்டர் நடந்தால் பதின்மூன்று மீட்டர் ஏற்றம் வருகிறது. நடந்து ஏறியவர்களின் முழங்காலுக்கு இது தெரியும்.

ஏறும்போது நம் கால்கள் செலவழித்த சக்தி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. உயரத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. இறங்கும்போது அது திரும்ப வருகிறது. கொடிமலை ரயிலைப் பாருங்கள். 1923-ஆம் ஆண்டு பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். 2011-இல் புது வண்டிகளும் புதுத் தண்டவாளமும் வந்தன. பழையதோ புதியதோ, தத்துவம் ஒன்றுதான்: கம்பி வடத்தின் ஒரு முனையில் இறங்கும் வண்டி, மறு முனையில் ஏறும் வண்டி. இறங்கும் வண்டியின் பாரம் ஏறும் வண்டியைத் தூக்கிவிடுகிறது. சக்தி வீணாவதில்லை. சைக்கிளுக்கு அப்படி ஒரு ஜோடி கிடையாது. வேகமாகப் போகாமல் இறங்க வேண்டுமானால், அந்தச் சக்தி முழுவதையும் பிரேக்கில் சூடாக மாற்றித்தான் தீர வேண்டும்.

எவ்வளவு சூடு? பையன் 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மெதுவாக, பிரேக் பிடித்துக்கொண்டே கொடிமலையிலிருந்து அடிவாரம் வரை இறங்கினால், காற்றும் டயரும் வாங்கிக்கொள்வதைக் கழித்த பிறகும், சுமார் ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய சூடு மிஞ்சும். ஒரு வீட்டுக்குத் தேநீர் போடும் கேத்தல் நிறையத் தண்ணீர்! அவ்வளவு சூட்டையும் தாங்குவது இரண்டு மெல்லிய தட்டுகளும், விரல் நுனி அகலமுள்ள நான்கு பேட்களும்தான். சூடு காற்றில் கலைந்துகொண்டே இருப்பதால் பிழைக்கின்றன. கலையும் வேகத்தைவிடச் சேரும் வேகம் கூடினால்தான் ஆபத்து.

இதைப் பட்டறிந்தவர்கள் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இருந்த இளைஞர்கள். 1976-ஆம் ஆண்டு முதல் அங்கே டமல்பாயிஸ் மலைப் பக்கத்தில் ஒரு மண் பாதையில் பழைய சைக்கிள்களை வைத்துப் பந்தயம் விட்டார்கள். பின் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே இருக்கும், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் அது. ஒரு தடவை இறங்கியதும் குடத்துக்குள் இருந்த கிரீஸ் காய்ந்து புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடியும் அடை’ என்று பெயர் வந்தது. அந்த இறக்கம் கொடிமலை அளவுகூட இல்லை. உயரம் சுமார் 400 மீட்டர்தான்.

ரிம்மைக் கவ்வும் ரப்பர் கட்டைப் பிரேக்குக்கும் மலையில் தொல்லைதான். மழையில் ரிம் நனைந்தால் வழுக்கும். பினாங்கில் மழைக்குப் பஞ்சமா? ரிம் வளைந்தால் உரசும். நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறி உள்ளே டியூப் வெடிக்கவும் கூடும். டிஸ்க் பிரேக்கில் தட்டு சக்கரத்தின் நடுவே இருக்கிறது. சேறும் தண்ணீரும் அவ்வளவாக எட்டாது, சூடும் டயரை அண்டாது. மோட்டார் வாகனத்தில் இதன் பெருமையை உலகம் அறிந்தது 1953-இல், பிரான்ஸ் நாட்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றபோது. சைக்கிளுக்கு அது பரவலாக வந்துசேர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

டிஸ்க் பிரேக்கிலும் இரண்டு வகை. ஒன்று கம்பி இழுப்பது, மற்றது எண்ணெய் தள்ளுவது. கம்பி வகை மலிவு, தோட்டத்திலேயே பழுது பார்க்கலாம். ஆனால் பேட் தேயத் தேய நாம்தான் திருகிச் சரிசெய்ய வேண்டும். நீண்ட இறக்கத்தில் விரல் ஓய்ந்துவிடும். மலை இறங்க எண்ணெய் வகையே நல்லது. ஒற்றை விரலால் பிடிக்கலாம், தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

அடுத்தது தட்டின் அளவு. சாதாரண மலைச் சைக்கிளில் 160 மில்லிமீட்டர் தட்டு வரும். செங்குத்தாக இறங்கும் சைக்கிள்களில் 200 அல்லது 203. நீளமான ஸ்பேனரால் நட்டைத் திருகுவது எளிது அல்லவா? அதே கதைதான். 160-ஐ 203 ஆக்கினால் அதே விரல் பலத்துக்கு நிறுத்தும் சக்தி கால் பங்குக்குச் சற்று மேலேயே கூடும். இரும்பு அதிகமாவதால் சூட்டையும் அதிகம் தாங்கும். ஆனால் ஃபோர்க்கும் சட்டமும் எந்த அளவுத் தட்டு வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் வரம்பு வைத்திருக்கிறார். அதை மீறிப் பெரிய தட்டு பூட்டக் கூடாது.

இப்போது பேட். கடையில் போய் “பேட் கொடுங்கள்” என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுத்துவிடுவார்கள். பிசினில் நாரும் தூளும் கலந்து இறுக்கிச் செய்த பேட் ஒரு வகை. ரெசின் அல்லது ஆர்கானிக் என்பார்கள். சத்தம் குறைவு, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகக் கவ்வும், தட்டையும் அதிகம் தேய்க்காது. ஆனால் ஈரத்திலும் சேற்றிலும் சீக்கிரம் கரைந்துவிடும். அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் முகம் கண்ணாடிபோல் மினுமினுப்பாகிவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த பேட் இன்னொரு வகை. சின்டர்டு என்று பெட்டியில் போட்டிருக்கும். மழையிலும் மணலிலும் நீண்ட நாள் உழைக்கும், சூட்டுக்கு அஞ்சாது. குறை என்னவென்றால் சத்தம் போடும், முதல் ஓரிரு பிடிப்புக்கு மந்தமாக இருக்கும், சூட்டை எண்ணெய்க்கும் கடத்தும். இரண்டுக்கும் நடுவில் அரை உலோகப் பேட்களும் உண்டு.

எங்களைக் கேட்டால், வேலைக்கும் கடைக்கும் போகும் சைக்கிளுக்குப் பிசின் பேட் போதும். மழைக்காலத்தில் கொடிமலை போன்ற இடத்தில் இறங்குகிறவனுக்கு உலோகப் பேட்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மலிவான சில தட்டுகளில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருக்கும். அதில் உலோகப் பேட் போட்டால் தட்டு விரைவில் தேய்ந்துவிடும். தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எண்ணெயிலும் இரண்டு சாதி. ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் எண்ணெய். ஸ்ராம் பிரேக்குகள் பலவற்றுக்கு டாட் எண்ணெய். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். டாட் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணமுடையது. டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி சூடு வரையாவது கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி; ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர, பேட்டைத் தள்ளாது. லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும், சைக்கிள் நிற்காது. அந்த நேரத்தில் காலை ஊன்றினால், அம்மா, கால்தான் போகும்.

பிரேக்கே வேண்டாம் என்று கழற்றிவிடும் பிள்ளைகளும் நம் நாட்டில் உண்டு. ‘பாசிக்கல் லாஜாக்’ என்று சொல்கிறார்களே, அதுதான். 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி அதிகாலை ஜொகூர் பாருவில் அப்படிச் சைக்கிள் ஓட்டிய கூட்டத்தின்மீது கார் மோதி, பதின்ம வயதுப் பிள்ளைகள் 8 பேர் இறந்துபோனார்கள். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளில் இரண்டு பிரேக்கும் இருக்கின்றனவா என்று இன்று மாலையே ஒரு தடவை பாருங்கள்.

நாங்கள் செய்த மடத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரு சமயம் டிஸ்க் கிறீச்சிடுகிறதே என்று செயினுக்கு அடிக்கும் எண்ணெயைத் தட்டில் அடித்துவிட்டோம். கிறீச்சிடல் நின்றது, சைக்கிளும் நிற்கவில்லை! சமதளம் என்பதால் பள்ளி வேலியோடு போயிற்று. எண்ணெய் குடித்த பேட்டைத் தூர எறிந்துவிட்டு, தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் புதுப் பேட் போட்டோம். அதற்குச் சில பத்து வெள்ளிதான் செலவு.

அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டான். அவன் தட்டில் அந்த எழுத்துப் பொறிப்பு இல்லை; ஆகவே உலோகப் பேட் வாங்கி வந்தான். புதுப் பேட்டைப் பூட்டிய கையோடு மலைக்குப் போகக் கூடாது. பேட்டின் பொடி தட்டில் மெல்லிய பூச்சாகப் படிய வேண்டும். பள்ளி முன்னால் உள்ள செம்மண் பாதையில் ஓரளவு வேகமாக வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மெல்ல மெல்லப் பிடித்து, நடை வேகத்துக்குக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து என்று முன்னும் பின்னும் இருபது தடவை ஓட்டச் சொன்னோம். அவனுடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

இறங்கும் முறையையும் சொல்லி அனுப்பினோம். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராதே. வளைவுக்கு முன் இரண்டையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறை, பிறகு விடு, தட்டு ஆறட்டும். ஜீப் பாதையில் நடந்து ஏறுகிறவர்களும் ஜீப்பும் எதிரே வரும். வளைவுக்கு அப்பால் ஆள் இருப்பதாகவே நினைத்துக்கொள். லீவர் மெத்தென்று இறங்கினாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ, இறங்கி ஓரமாக உட்கார். தட்டைத் தொட்டுப் பார்க்காதே, விரல் வெந்துவிடும்.

போய் வந்த அன்று மாலை தொலைபேசியில் கூப்பிட்டான். நடுவழியில் இரண்டு இடத்தில் பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தானாம். கூட்டாளிகள் கேலி செய்தார்களாம். இரண்டாவது இடத்தில் அவர்களில் ஒருவனும் லீவர் இளகிவிட்டது என்று இவன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தானாம்.