கூழ் போன பிறகு



பொறியாளர்களான நீங்கள் பட்டம் பெறும் இந்த மங்கலமான மேடையில் கழிவைப் பற்றிப் பேசப் போகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோடையில் நம் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூழ் டின்னில் அடைபட்டு வெளிநாட்டுக்குக் கப்பலேறிவிடும். பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தோலும் கொட்டையும் இங்கேயே தங்கி அழுகும். அதே ஆலைகள் நீராவிக்காக பாய்லரில் எரிக்க விறகும் வாங்குகின்றன. கழிவு குவியும் மாதங்களும் நீராவி தேவைப்படும் மாதங்களும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் அந்தக் கழிவிலிருந்து வாயு எடுத்து பாய்லரில் எரிக்க எல்லா ஆலையிலும் ஏன் எரிவாயுக் கலன் இல்லை? தோலை மட்டும் போட்டால் சர்க்கரை சட்டென்று புளித்து அமிலம் ஏறிவிடும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு பி.எச். அளவு 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கொஞ்சம் நைட்ரஜனும் வேண்டும். சாணம் கலந்தால் இரண்டு குறையும் தணியும். 1824 முதல் மத்திகிரியில் கால்நடைப் பண்ணை நடக்கும் ஊரில் சாணத்துக்கா பஞ்சம்! கொட்டையின் ஓடு எளிதில் மட்காது. அதைக் காயவைத்து எரிப்பதே மேல்.

வேதியியலைச் சமாளித்துவிடலாம். சீசனைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இரண்டு, மூன்று மாதத்தில் ஆலை மூடும்; கலனுக்குள் இருக்கும் உயிர்களுக்கோ ஆண்டு முழுக்கத் தீனி வேண்டும். விலை விழுந்த நாளில் ராயக்கோட்டையில் தேங்கும் தக்காளி, ஓசூர் சிப்காட் கேன்டீன்களில் மிஞ்சும் சோறு, கோழி எச்சம் என எல்லாவற்றையும் ஒரு கணக்கில் கொண்டுவர வேண்டும். இது ஒரு முதலாளியால் தனியாக ஆகிற காரியமில்லை.

பக்கத்தில் முன்மாதிரி இருக்கிறது. சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகள் பல தங்கள் கழிவுநீரிலிருந்தே வாயு எடுக்கின்றன. நாமக்கல் புதுச்சத்திரத்தில் 2020-இல் திறந்த ஆலை, சாணம், கோழி எச்சம் போன்ற பல கழிவுகளைச் சேர்த்து, நாளொன்றுக்கு 15 டன் அழுத்தப்பட்ட உயிரிவாயு தயாரிக்கும் திறனோடு அமைந்தது. நம் மாவட்டத்தில் சரக்கு குறைவில்லை. சேர்த்துக் கோப்பவர்கள்தான் குறைவு.

உங்களில் பலர் நாளை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு பஸ் ஏறுவீர்கள். தப்பில்லை, சம்பளம் அங்கேதான் அதிகம். இங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: வரும் சீசனில் ஏதாவது ஓர் ஆலையின் கழிவை வாரவாரம் எடை போட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே அவர்களின் விறகுச் செலவையும் எழுதி, அந்தத் தாளை முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வையுங்கள்.