ஆலையின் இலாபமும் ஆலையின் ரொக்கமும்

கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நேயர்களிற் பலர் வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பிவிடக் கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன். நான் சொல்லப் போகும் கணக்கு, கரும்பு வெட்டி அனுப்பிய குடியானவர் ஒருவர் தம் பணத்துக்காக எத்தனை நாள் காத்திருக்கிறார், ஏன் காத்திருக்கிறார் என்பதைப் பற்றியது.

நமது தருமபுரி மாவட்டத்தில் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. ஒன்று பாலக்கோட்டில் இருப்பது. மற்றொன்று அரூரை அடுத்த கோபாலபுரத்தில் இருப்பது. பின்னது, பாப்பாரப்பட்டியில் 1925-இல் உயிர் நீத்த தேசபக்தர் சுப்பிரமணிய சிவாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எந்த ஆலையின் ஏட்டையும் இங்கே நான் பிரித்துக் காட்டப் போவதில்லை. நாளொன்றுக்கு 2,000 டன் கரும்பு அரைக்கும் ஆலை ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டு, அதன் பணம் காலாண்டுக்குக் காலாண்டு எவ்வாறு போய் வருகிறது என்று பார்ப்போம்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை, பிழிதிறன் நூற்றுக்குப் பத்தேகால் உள்ள கரும்புக்கு டன் ஒன்றுக்கு 3,550 ரூபாய்; ஒன்பதரையும் அதற்குக் கீழும் உள்ள கரும்புக்கு 3,290 ரூபாய் 50 காசு. நமது ஆலையின் பிழிதிறன் 9 என்று கொள்வோம். அப்படியாயின் ஒரு நாள் அரைத்த கரும்புக்கு ஆலை கொடுக்க வேண்டிய தொகை 65 இலட்சத்து 81 ஆயிரம் ரூபாய். அதே நாளில் ஆலைக்குக் கிடைப்பது 180 டன் சர்க்கரை. கிலோ 38 ரூபாய்க்கு விலை போவதாக வைத்தால் அதன் மதிப்பு 68 இலட்சத்து 40 ஆயிரம். சர்க்கரையைக் கிலோ 31 ரூபாய்க்குக் குறைத்து ஆலைகள் விற்கலாகாது என்று 2019 பிப்ரவரியில் விதித்தார்கள். அந்தத் தரை விலைக்கே விற்க நேர்ந்தாலோ 55 இலட்சத்து 80 ஆயிரந்தான் கைக்கு வரும். கரும்பின் விலைக்கே அது காணாது. கழிவுப் பாகும், சக்கையை எரித்துப் பெறும் மின்சாரமும் சிறிது கைகொடுக்கும். கூலியும் சம்பளமும் வட்டியும் அவற்றிலிருந்துதான் எழ வேண்டும்.

விலை இருக்கட்டும், காலத்தைக் கவனியுங்கள். அரவை 100 நாள் நடக்கிறது. டிசம்பர் இறுதியில் பத்து நாள், ஜனவரி முதல் மார்ச்சு வரை தொண்ணூறு நாள். சர்க்கரையோ ஆண்டு முழுதும் சிறுகச் சிறுக விற்பது. ஒவ்வொரு மாதமும் இன்ன அளவுதான் விற்கலாம் என்று 2018 ஜூன் மாதத்தில் மத்திய அரசு மீண்டும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆகவே உற்பத்தியான 18,000 டன்னும் மாதம் 1,500 டன் வீதம் வெளியே போவதாகக் கொள்வோம். ஜனவரி முதல் மார்ச்சு வரையிலான மூன்று மாதத்தில் வந்த கரும்புக்குத் தர வேண்டியது சுமார் 59 கோடி ரூபாய். அதே மூன்று மாதத்தில் சர்க்கரை விற்று வருவது 17 கோடியே 10 இலட்சம். பதினான்கு நாள் தவணை முன்பின்னாக விழுவதை விட்டுவிட்டாலும், பள்ளம் 42 கோடி!

இந்தப் பள்ளத்தை நிரப்புவது வங்கி. கிடங்கில் உள்ள மூட்டைகளை ஈடாகப் பிடித்துக்கொண்டு கடன் தருகிறது. ஆனால் மூட்டையின் முழு மதிப்புக்கும் எந்த வங்கியும் தருவதில்லை. ஒரு பங்கைத் தன் பாதுகாப்புக்கென நிறுத்திக்கொள்ளும். அந்தப் பங்கு யார் தலையில் விழுகிறது? பணத்துக்காகக் காத்திருக்கும் குடியானவர் தலையில்தான். வங்கிக்கு அடுத்தபடியாக ஆலைக்குக் கடன் கொடுப்பவர் அவரே. பத்திரம் எழுதாமல் கொடுக்கிறார், அவ்வளவுதான் வேற்றுமை.

சட்டம் அவரை மறந்துவிடவில்லை. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஒப்படைத்த பதினான்கு நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். ஓர் ஏக்கரில் 35 டன் விளைந்தது என்றால் அவருக்குச் சேர வேண்டியது 1,15,167 ரூபாய். மூன்று மாதம் தாமதித்தால் வட்டி மட்டும் 4,260 ரூபாயை ஒட்டி வரும். வெட்டுக் கூலியோ தாமதத்தை அறியாது. வெட்டிய அன்றே கொடுத்தாக வேண்டும். மறுதாம்புக்குக் கட்டை சீவ வேண்டும், உரம் இட வேண்டும். இந்த வேளையில் வெல்லம் காய்ச்சுபவர் வந்து, விலை சற்றுக் குறைந்தாலும் கையோடு காசு தருகிறேன் என்றால், அடுத்த ஆண்டுக் கரும்பு எங்கே போகும் என்று சொல்லவும் வேண்டுமோ? கரும்பு குறைந்தால் 100 நாள் அரவை 60 நாளாகச் சுருங்கும். சம்பளமும் பழுதுபார்ப்பும் சுருங்குவதில்லை. அடுத்த ஆண்டுத் தாமதம் அங்கேயே முளைவிட்டுவிடுகிறது.

இனி ஏட்டைப் பாருங்கள். விற்காத சர்க்கரை, அடக்க விலை அல்லது சந்தை விலை, இவ்விரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில் சொத்தாக ஏறுகிறது. ஆகையால் ரொக்கம் வறண்டு கிடக்கும் மார்ச்சுக் காலாண்டில் இலாப நட்டக் கணக்கு அவ்வளவு மோசமாகத் தோன்றாது. அரவை ஓய்ந்து, மூட்டைகள் விலையாகி, பணம் வரத் தொடங்கும் ஜூன், செப்டம்பர் காலாண்டுகளில் அதே கணக்கு வாடிய முகம் காட்டும். ஏட்டில் இலாபம் தெரியும்போது பெட்டியில் காசில்லை. பெட்டியில் காசு வரும்போது ஏட்டில் இலாபமில்லை.

இது சர்க்கரைக்கு மட்டும் உரிய விந்தை அன்று. 2004 பிப்ரவரி வரை நமது மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூரில் 1980 முதல் அசோக் லேலண்ட் கம்பெனியின் லாரித் தொழிற்சாலை நடந்து வருகிறது. கடன் போக அதன் கையில் நின்ற ரொக்கம் 2024 டிசம்பர் முடிவில் 958 கோடி ரூபாய். 2025 மார்ச்சு முடிவில் 4,242 கோடி. மூன்றே மாதத்தில் 3,284 கோடி! ஆண்டு முடியுமுன் லாரி விற்பனை பெருகுகிறது. உதிரிப் பாகம் தந்தவர்களுக்குப் பணம் கொடுப்பது அடுத்த காலாண்டில் விழுகிறது. அதனால்தான் மார்ச்சில் குளம் நிரம்பி ஜூனில் வற்றுகிறது. அந்த ஜூனில் பங்குதாரருக்கு ஆதாயம் வழங்கியதும் சேர்ந்து, கையிருப்பு ஆயிரம் கோடிக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை ஆலைக்கோ மார்ச்சில் வறட்சி. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் இலாபத்தைக் காலாண்டுதோறும் சொல்கின்றன. ரொக்கம் போய்வந்த கணக்கை 2019 முதல் அரையாண்டுக்கு ஒரு முறை வெளியிட்டால் போதும் என்பது விதி. இடைப்பட்ட காலாண்டை நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை.

ஆகவே மார்ச்சை டிசம்பரோடு ஒப்பிடுவது பேதைமை. மார்ச்சை முந்திய மார்ச்சோடும், செப்டம்பரை முந்திய செப்டம்பரோடும் ஒப்பிட வேண்டும். சர்க்கரை ஆலைக்குச் செப்டம்பர்தான் உரைகல். அப்போது கிடங்கு பெரும்பாலும் காலியாகி இருக்கும். வங்கிக் கடனும் கரும்பு நிலுவையும் கிடங்கோடு சேர்ந்து கரைந்திருக்க வேண்டும். கரைந்திருந்தால் ஆலைக்கு வந்தது காலக் கோளாறு மட்டுமே. குறைந்த வட்டிக் கடனும், வேளையோடு விற்பனையும் அதைத் தீர்க்கும். மூட்டை போய்விட்டது, கடன் நிற்கிறது, அதுவும் போன செப்டம்பரைவிடக் கூடுதலாக நிற்கிறது என்றால் நோய் வேறு. விற்ற விலை செலவுக்குக் காணவில்லை என்பது அதன் பொருள். அதற்கு மேலும் கடன் தருவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே ஆகும்.

கூட்டுறவு ஆலையில் கரும்பு பயிரிடும் அங்கத்தினரே உடைமையாளர். பேரவைக் கூட்டத்தில் கனத்த அறிக்கை ஒன்றை அவர் கையில் கொடுப்பார்கள். அதன் எல்லாப் பக்கங்களையும் அவர் படிக்க வேண்டியதில்லை. சென்ற செப்டம்பர் 30-ஆம் தேதியிலும் அதற்கு முந்திய செப்டம்பர் 30-ஆம் தேதியிலும் கிடங்கில் எத்தனை மூட்டை, வங்கிக்கு எவ்வளவு, கரும்புக்கு எவ்வளவு பாக்கி என்று எழுந்து நின்று கேட்கலாம். ஆறு எண்கள், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிடலாம்.