வீடு திரும்பும் உரிமை
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

  

வரவு செலவுக் கணக்கும் பள்ளிவாசல் பராமரிப்பும் பேசப்படும் இம்மன்றத்தில், கடலுக்கு அப்பாலுள்ள ஒரு செய்தியை ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். அச்செய்தி நம் அண்டையிலேயே குடியிருக்கிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டில், இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகத் தமிழகம் வந்து சேர்ந்த மக்களுள் ஒரு பகுதியினர் அங்கே வாழ்கின்றனர். தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் இத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றி, 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் வந்த இடத்தில் வீடு கிடைப்பது வேறு. விட்டு வந்த வீட்டுக்குத் திரும்பும் உரிமை வேறு. முன்னது கிடைத்துவிட்டதால் பின்னது தீர்ந்துவிடாது.

அந்த உரிமையின் அருமையை அறிய, இதே போரினால் இதே மொழி பேசும் மற்றொரு மக்கள் அடைந்த துயரத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வடக்கு மாவட்டங்களில் வாழ்ந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இயக்கம் வெளியேற்றியது. யாழ்ப்பாண நகரத்தாருக்கு அக்டோபர் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். நகையும் வீட்டுப் பத்திரமும் வியாபாரச் சரக்கும் பறிக்கப்பட்டன. சிறு தொகையும் உடுத்த துணியுமே கையில் மிஞ்சின. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு ஊரிழந்தனர். பெரும்பாலோர் தெற்கே புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர்.

புத்தளமும் நம்மைப் போலவே உப்பு விளையும் ஊர். நம் உப்பளத் தொழிலாளிக்கு ஒரு கணக்குத் தெரியும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்திகள் சேறாகிவிடும்; தை பிறந்ததும் வண்டலை வாரி, வரப்பைக் கட்டி, தரையை மிதித்துச் சமன்செய்த பிறகே மீண்டும் உப்பு விளையும். ஒரு மழைக்காலம் கைவிட்ட பாத்திக்கே இவ்வளவு உழைப்பு வேண்டுமெனில், இருபது, முப்பது ஆண்டுகள் ஆளில்லாது கிடந்த ஊருக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்தக் காலத்தில் இம்மக்கள் திரும்பி வரலாம் என்று சொல்லப்பட்டது. 2009 மே மாதத்தில் போரும் முடிந்தது. சென்று பார்த்தவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களையும் காடு மண்டிய தோட்டங்களையுமே. சில வீடுகளில் வேறு குடும்பங்கள் வசித்தன. அவர்களும் போரினால் எங்கிருந்தோ பெயர்ந்து வந்தவர்களே. வெளியேறும்போது ஒரு குடும்பமாக இருந்தது, திரும்பும்போது மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்தது, நிலமோ பெருகவில்லை. மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில், மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற ஊர்களின் நிலங்கள் மக்கள் இல்லாத காலத்தில் காடாகி, 2012ஆம் ஆண்டில் வன ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டன. வீடு திரும்பியவர்கள் காட்டை அழிப்பவர்கள் என்ற பழிக்கு ஆளாயினர். காட்டைக் காப்பதும் கடமையே. ஆனால் துப்பாக்கி முனையில் காலிசெய்யப்பட்ட ஊர், ஆளில்லாத ஊர் என்ற காரணத்தாலேயே காடாகிவிடுமானால், வெளியேற்றியவர்கள் தொடங்கிய வேலையைச் சட்டம் முடித்து வைத்ததாகாதா?

எனவே 'போர் முடிந்தது, போகலாம்' என்று சொல்வது மட்டும் பாதுகாப்பான மீள்வருகை ஆகாது. ஐக்கிய நாடுகள் அவை 1998ஆம் ஆண்டில் வகுத்த உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகள், மீள்வது தாமே விரும்பியதாகவும், பாதுகாப்பும் கண்ணியமும் உடையதாகவும் அமைய வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. இதற்கு மூன்று தேவைகள் உண்டு என நாம் கருதுகிறோம்.

முதலாவது, பத்திரமும் சட்டமும். பத்தாண்டுகள் தடையின்றி அனுபவித்தவர் நிலத்துக்கு உரிமை கோரலாம் என்பது இலங்கையின் பொதுச் சட்டம். துரத்தப்பட்டவருக்கு இது இரண்டாம் முறை துரத்துவதாகும். போர்க்காலத்தை அக்கணக்கில் சேர்க்காதிருக்க 2016ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அந்த நீதி வருவதற்குப் போர் முடிந்து ஏழாண்டுகள் ஆயின.

இரண்டாவது, அச்சமற்ற வாயில். 2025 மே மாதத்தில் தமிழகத்திலிருந்து தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர், முன்னர் முறைப்படியல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்ற காரணத்துக்காக, பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். உயிருக்கு அஞ்சிப் படகேறியவரிடம் கடவுச்சீட்டு முத்திரை கேட்பது எவ்வகை நியாயம்?

மூன்றாவது, வரவேற்கும் அயலார். 1990-இல் முஸ்லிம்கள் வெளியேறியபோது கண்ணீர் விட்ட தமிழ் அயலார் பலர் உண்டு. அந்த வெளியேற்றத்தை இனச்சுத்திகரிப்பு என்று தம் மக்களிடமே துணிந்து சொன்னவர் தமிழ்த் தலைவர் சுமந்திரன். அத்தகைய குரல்கள் இல்லாமல் அரசாணைகள் மட்டும் ஓர் ஊரை மீண்டும் ஊராக்கிவிட முடியாது.

அன்பர்களே! மக்காவிலிருந்து துரத்தப்பட்ட முஹாஜிர்களையும் அவர்களை அரவணைத்த மதீனத்து அன்ஸாரிகளையும் அறியாதார் நம்மில் இல்லை. வீட்டிலிருந்து ஒருவரை வெளியேற்றுவதைத் திருக்குர்ஆன் (60:8, 9) போர் தொடுப்பதற்கு இணையாக வைத்தே பேசுகிறது. வெளியேற்றப்பட்டவர் முஸ்லிமாயினும், இந்துவாயினும், கிறிஸ்தவராயினும் அக்கொடுமையின் அளவு ஒன்றே. புத்தளத்து முஸ்லிமுக்காக மட்டும் நாம் வருந்தி, கீழ்ப்புத்துப்பட்டுத் தமிழரைக் கண்டும் காணாதிருப்போமானால், அது நீதியன்று, இனப்பற்று மட்டுமே. முகாமுக்காக மட்டும் குரல் கொடுத்து 1990-ஐ மறைப்பவர்களுக்கும் இதுவே நம் பதில்.

ஆகவே ஜமாஅத்தின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்தால்தான் அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமைச் சான்று கிடைக்கும். அந்தச் சான்றின்றி ஊர் திரும்புவோர் அங்கும் அந்நியரே. படிவம் நிரப்பவும் சான்றிதழ் தேடவும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல்லாண்டுகளாக உதவி வருகிறது. நம் பட்டதாரி இளைஞர்களும் வாரத்தில் ஒரு நாள் அப்பணிக்குத் தோள் கொடுக்க வேண்டும். மற்றொன்று, 'எப்போது ஊருக்குப் போகப் போகிறீர்கள்?' என்று அவர்களிடம் கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். போவதும் இருப்பதும் அவர்கள் விருப்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இந்நாட்டுக் குடியுரிமை கேட்பதும் நியாயமே. போக விரும்புவோருக்கு வழி திறந்திருக்கச் செய்வதும், இருக்க விரும்புவோரை அயலாராக ஏற்பதுமே நம் கடமை.

ஊரிழந்தோர் அனைவருக்கும் அவரவர் வாசலை மீட்டுத் தரவும், நம் வாசல்களை அவர்களுக்குத் திறந்து வைக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.