அந்தக் கதவும் அந்தப் பழைய மாத்திரையும்
(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



ஃபிசியாலஜி வகுப்பில் பொட்டாசியம் சேனல் நடத்தியபோது கடைசி பெஞ்சில் தூங்கியவன் நான். "இது நோயாளிக்கு எதுக்குப்பா உதவப்போவுது?" என்று கேலி பேசியவனும் நான்தான். அந்தக் கேலிக்கு வேறொருவர் விலை கொடுத்த கதையைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பாடம். கணையத்தின் பீட்டா செல்லில் பொட்டாசியம் வெளியேற ஒரு கதவு உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள் ஏடிபி பெருகும். அது கதவைச் சாத்தும். உடனே செல்லின் மின்நிலை மாறி, கால்சியம் உள்ளே பாய்ந்து, இன்சுலின் வெளியே வரும். சர்க்கரை ஏறும்போது இந்தக் கதவு மூடுவதை 1984-ல் பிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட் கண்டறிந்தார். கதவைக் கட்டும் மரபணுக்கள் இரண்டு: கேசிஎன்ஜே11, ஏபிசிசி8. இவற்றில் சில பிழைகள் நேர்ந்தால் கதவு மூட மறுக்கும். செல்லில் இன்சுலின் இருந்தும் வெளியே வராது. பச்சைக் குழந்தைக்கே சர்க்கரை நோய்!

கேசிஎன்ஜே11 பிழையால் இப்படி நேர்வதை 2004-ல் அன்னா க்ளாய்ன், ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி குழுவினர் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு நாம் வெகுகாலமாக எழுதித் தந்த கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் இதே கதவைத்தான் மூடுகின்றன. 2006-ல் வெளியான ஆய்வில், கேசிஎன்ஜே11 பிழையுள்ள 49 பேருக்கு இவ்வகை மாத்திரை கொடுத்ததில் 44 பேர் இன்சுலின் ஊசியையே விட்டுவிட்டார்கள்.

2009-ல் ஒரு தாய் எட்டு வயது மகளுடன் என்னிடம் வந்தார். "பொறந்த ரெண்டாம் மாசத்துலேருந்து ஊசி சார்" என்றார். "டைப் 1 தாம்மா, ஆயுசுக்கும் ஊசிதான்" என்றேன். 'ரெண்டாம் மாசம்' என்ற சொல் என் காதில் விழவே இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு மாநாட்டில் இந்த ஆய்வைக் கேட்டபோதுதான் திடுக்கிட்டேன். இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினோம், கேசிஎன்ஜே11-ல் பிழை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரையை மெல்ல ஏற்றி, ஊசியைக் குறைத்து, கடைசியில் நிறுத்தினோம்.

"இது புது மருந்தா சார்?" என்று அந்தத் தாய் கேட்டார். "இல்லம்மா, ரொம்பப் பழசு" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஒன்றை மறவாதீர்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. சோதிக்காமல் யாரும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. ஆனால் பிறந்து ஆறு மாதத்துக்குள் நோய் வந்தவர் என்றால், இன்று அவருக்கு என்ன வயதானாலும் மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். "எத்தனாவது மாசத்துல வந்துச்சும்மா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். நான் கேட்காமலே காதில் விழுந்த பதிலை நான்கு வருடம் தவறவிட்டேன், நீங்கள் விடாதீர்கள்.

தம்பிகளே, ஃபிசியாலஜி வகுப்பில் தூங்காதீர்கள்.