திரையில் தெரிவது பெயர். பின்னால் இருப்பது பதிவு

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரையில் இருக்கிற உங்களோடு இரண்டு நிமிஷம் பேசணும்.

இ-சேவை மையத்திலோ ஓர் அலுவலகத்திலோ கணினி முன்னால் இருப்பவர் பட்டியலைத் திறக்கிறார். "அந்தோணி தானே?" என்று கேட்டு ஒரு வரியைத் தொடுகிறார். நீங்களும் தலையாட்டுறீங்க. நம்ம கரையில் எத்தனை அந்தோணி, எத்தனை முனியசாமி!

அந்த வரி திரைக்கு எப்படி வருது? மீனவர் ஒருவரின் பதிவை எடுத்துக்குவோம். பெயர், தகப்பனார் பெயர், ஊர், அடையாள எண், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். கணினிக்காரர்கள் இதை 'ஆப்ஜெக்ட்' என்பார்கள். இந்தக் கட்டில் எதைக் காட்டணும் என்று பட்டியல் பெட்டிக்குத் தானாகத் தெரியாது. 'பெயரைக் காட்டு' என்று நிரல் எழுதுபவர் சொல்லணும். சொல்ல மறந்தால், மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் எழுதிய மென்பொருளில், ஆள் பெயருக்குப் பதிலாக அந்த வகைக்கு நிரலில் வைத்த பெயரே வரிக்கு வரி நிற்கும். இப்படித் திரையையும் பதிவையும் முடிச்சுப் போடுவதுதான் 'டேட்டா பைண்டிங்'.

இங்கேதான் கவனம் வேணும். கண்ணுக்குத் தெரிவது பெயர். வரியைத் தொட்டதும் விண்ணப்பத்துக்குள் போவது பெரும்பாலும் எண். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து வரி மாறிவிட்டால், திரையில் பெயர் சரியாத்தான் இருக்கும். விண்ணப்பம் இன்னொருத்தர் கணக்கில் போய் உட்காரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நிவாரணத்தை எதிர்பார்க்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏத்துறதைப் பார்த்திருப்பீங்க. வானிலை மையத்திலிருந்து சேதி வந்தால்தான் கூண்டு எண் மாறும். திரையும் அப்படித்தான். பதிவு மாறியதும் அது திரைக்குச் சேதி சொல்லணும். சொல்லாவிட்டால் பழைய விவரமே நிற்கும். போனில் வைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கோ அந்த முடிச்சே கிடையாது. அது எடுத்த நாளோடு சரி.

அதனால் திருத்தம் கொடுத்த பிறகு பக்கத்தைப் புதிதாகத் திறந்து பாருங்க. புது நகல் வாங்குங்க. 'சமர்ப்பி' அழுத்தும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்க. "என் பேர் தானே?" என்று கேட்டால் போதாது, "என் நம்பர் தானே?" என்று கேளுங்க.