பாய்மரப் படகும் நம்ம மொட்டை மாடியும்

(நமது சங்கத்தின் மாதாந்திர ஞாயிறு மாலைக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வு பெற்ற பஞ்சாலைப் பராமரிப்பு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது.)

போன மாசம் சர்க்கரை நோய் பற்றி டாக்டரம்மா பேசினாங்க. அதுக்கு முந்தின மாசம் மாடித் தோட்டம். இந்த மாசம் நீங்க ஏதாவது பேசுங்கன்னு செயலாளர் கேட்டார். பழைய பாய்மரப் படகை எப்படிச் செப்பனிடறதுன்னு பேசட்டுமான்னேன். "ஏனுங்க, கோயமுத்தூர்ல உட்கார்ந்துட்டு பாய்மரப் படகுங்களா?"ன்னு சிரிச்சார். நியாயம்தான். நம்ம பக்கம் படகுன்னா வாலாங்குளத்துப் படகுத் துறை, இல்லைன்னா பரிசல். சிறுமுகை தாண்டி லிங்காபுரம், காந்தவயல் பக்கம் பவானிசாகர் தண்ணி ஏறி, பாலம் மூழ்கி, சனங்க பரிசல்ல கடந்ததைப் பார்த்தவங்க இங்கே சிலர் இருப்பீங்க. அந்தப் பரிசல்காரரும் மூங்கில் கூட்டைக் காயவெச்சு, அடியில தாரைப் பூசி, கிழிஞ்ச இடத்தை ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டுவார். வேலை ஒண்ணுதான், அளவுதான் வேற.

1991-ல் என்னைத் தூத்துக்குடியில இருந்த ஒரு மில்லுக்கு மாத்தினாங்க. எட்டு வருஷம் அங்கே. கடலையே பார்க்காம வளர்ந்த ஆளு நான். சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சா பழைய துறைமுகம் பக்கம் போய் நின்னுக்குவேன். அங்கேதான் தோணி கட்டுற, செப்பனிடுற இடம். தோணின்னா சின்னப் படகுன்னு நினைச்சுக்காதீங்க. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், ஓடு, சிமெண்டு எல்லாம் ஏத்திட்டுப் போற மரக்கப்பல். ரொம்ப காலம் பாயை மட்டும் நம்பி ஓடின தோணிகளுக்கு நான் போன சமயத்துல எஞ்சின் வந்திருந்தது. ஆனாலும் பாய்மரம் நின்னுட்டுத்தான் இருந்தது.

அங்கே மரவேலைக்காரரை ஓடாவின்னு சொல்றாங்க. அடியில நீளமாப் போற முதுகெலும்பு மரத்துக்கு ஏரான்னு பேர். விலா எலும்பு மாதிரி வளைஞ்சு நிக்கற மரங்களுக்கு வங்கு. முன்பக்கம் அணியம். நம்ம நெசவுத் தறிக்கு எத்தனை சொல் இருக்கோ அத்தனை சொல் அவங்ககிட்ட இருக்குதுங்க. வங்குக்கு நாட்டுக் கருவேலம்தான் எடுப்பாங்க. ஏன்னா அது வளரும்போதே வளைஞ்சு வளருது. நேர் மரத்தை அறுத்து வளைவு எடுத்தா நார் குறுக்கே அறுபட்டு ஒடிஞ்சிடும். வளைஞ்சு வளர்ந்த மரத்துல நாரும் கூடவே வளைஞ்சு போகுது. மரக்கடையில போய் கோணல் மரம் வேணும்னு கேட்கற ஒரே ஆளு ஓடாவிதான்.

1994-ல் நானும் மில்லுல கூட வேலை பார்த்த நண்பரும் சேர்ந்து 20 அடி நீளப் பழைய பாய்மரப் படகு ஒண்ணை 11,000 ரூபாய்க்கு வாங்கினோம். சவுக்குத் தோப்புல ரெண்டு மழைக்காலம் கவிழ்க்காமக் கிடந்த படகு. என் சம்சாரத்துக்கு நான் சொன்ன விலை 4,000. இன்னிக்கு அவங்க முன் வரிசையில உட்கார்ந்திருக்காங்க, இப்பத்தான் தெரியுது. போகட்டும்.

பலகை இடுக்கு எல்லாம் திறந்து, உள்ளே நின்னு பார்த்தா வெளிச்சம் தெரிஞ்சது. கலப்பத்து பார்க்கணும்னாங்க. அதாவது இடுக்கு இடுக்கா பஞ்சைத் திணிச்சு அடைக்கற வேலை. ஒரு மாசம் ஆகும், கூலி இவ்வளவுன்னாங்க. நான் எஞ்சினியர் இல்லீங்களா! மேலே முழுக்க பைபர் கிளாஸ் பூசிட்டா ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வராது, ஆயுசுக்கும் வேலை இல்லைன்னு சொன்னேன். நண்பர் தலையாட்டினார். 9,000 ரூபாய்ல பதினைஞ்சு நாள்ல வேலை முடிஞ்சது. பளபளன்னு புதுப் படகு. பார்க்கறவங்க எல்லாம் எவ்வளவுக்கு வாங்கினீங்கன்னு கேட்டாங்க. ரெண்டு வருஷம் அதை ஓட்டினோம். முயல் தீவு வரைக்கும் போயிருக்கோம்.

மூணாவது வருஷம் பாய்மரத்தடியில காலை வெச்ச நண்பரோட கால் பலகைக்குள்ளே இறங்கிடுச்சு.

இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லணும், ஏன்னா நான் இன்னிக்குப் பேச வந்ததே இதுக்குத்தான். மரம் ஈரம் குடிச்சா உப்பும், காய்ஞ்சாச் சுருங்கும். பைபர் பூச்சு அப்படி அசையாது. ரெண்டும் ஒட்டியிருக்கற இடத்துல ஒரு நாள் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் வழியாத் தண்ணி உள்ளே போகும். போன தண்ணி திரும்பி வர வழியில்லை. மரத்துக்கும் பூச்சுக்கும் நடுவுல அது வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கும். வெளியில பளபளப்பு அப்படியே இருக்கும். உள்ளே மரம் நனைஞ்ச பிஸ்கட் மாதிரி ஆயிட்டிருக்கும். இன்னொரு சங்கதி, மரத்தை அதிகமா மக்க வைக்கறது கடல் தண்ணி இல்லீங்க, மழைத் தண்ணி. உப்பு ஏறின மரத்துல பூஞ்சை சுலபமா வளராது. மேல்தளத்துல, ஆணித் துவாரத்துல, பாய்மரத்தடியில இறங்கற மழைத் தண்ணிதான் எமன். கடலுக்குள்ளே துளைபோடற கப்பல் புழு தனி எதிரி, அது வேற கதை.

அப்பத்தான் ஒரு வயசான ஓடாவியைக் கூட்டிட்டு வந்தோம். அறுபத்தஞ்சுக்கு மேல இருக்கும். படகைச் சுத்தி ஒரு நடை நடந்தார். சின்னச் சுத்தியலால ஒவ்வொரு அடிக்கும் தட்டினார். நல்ல இடத்துல டங்குன்னு கேட்குது, கெட்ட இடத்துல சத்தமே செத்துப்போகுது. அந்த இடத்துல ஊசியைக் குத்தினார். ரெண்டு அங்குலம் இறங்கிச்சு. என்னைப் பார்த்து, "என்ன சார், மரத்தை உசிரோட பொதைச்சிருக்கீய"ன்னார். எனக்குப் பதில் இல்லை. "அண்ணாச்சி, நீங்களே பார்த்துச் செய்யுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

பூச்சை முழுக்க உரிக்கவே பன்னிரண்டு நாள். ஒன்பது பலகை, நாலு வங்கு போச்சு. இரும்பு ஆணி இருந்த இடமெல்லாம் மரம் கறுத்திருந்தது. துருவுக்கு இரும்பை விட இடம் அதிகம் வேணும். அது வீங்கி மரத்தைப் பிளக்கும், பிளந்த வழியாத் தண்ணி இறங்கும், மறுபடி துரு. ஆணியை எல்லாம் பிடுங்கிட்டுச் செம்பு ஆணி போட்டோம். ஆணி விலைதான் என்னைக் கொன்னது.

கலப்பத்துக்குப் பஞ்சு வேணும்னார். மில்காரன் கிட்ட பஞ்சு கேட்டா விட்டுடுவேனா? முறையா பில் போட்டு வாங்கி, நல்ல ஸ்லைவர் ஒரு டப்பா கொண்டுபோய் வெச்சேன். கையில எடுத்து இழுத்துப் பார்த்தார். நம்ம தரக்கட்டுப்பாட்டு அறையில நார் நீளம் பார்க்கறவர் எப்படி இழுப்பாரோ அதே மாதிரி. இது நல்லா இருக்கும்னார். கோயமுத்தூர்ப் பொழப்புக்கு அன்னிக்குத்தான் கடற்கரையில மரியாதை கிடைச்சது.

திரியைத் தளர்வா முறுக்கி, இடுக்குல வெச்சு, உளி மாதிரி ஒரு இரும்பால மரச்சுத்தியல் கொண்டு அடிச்சு இறக்குவார். நான் பக்கத்துல நின்னு, இன்னும் இறுக்கி அடிங்க அண்ணாச்சின்னேன். சுத்தியலைக் கீழே வெச்சுட்டார். இப்ப மரம் காய்ஞ்சு கிடக்குது, இடுக்கு அகலமா இருக்குது. இறுக்கி அடைச்சா, நாளைக்குத் தண்ணியில மரம் உப்பும்போது போக இடமில்லாம வங்கையே நெம்பி உடைச்சிடும்னார். எவ்வளவு இறுக்கணும்னு அளவுகோல் கிடையாது. அடிக்கற சத்தம் மாறும்போது நிறுத்தணும். முப்பது வருஷம் மெஷின் சத்தம் கேட்டே பேரிங் போனதைச் சொன்ன ஆளு நான். எனக்கே அந்த மாறுதல் நாலாவது நாள்தான் காதுல விழுந்தது. பஞ்சுக்கு மேலே குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சின மெழுகு.

பாய் கதை சுருக்கமாச் சொல்லிடறேன். துணி கெடறதுக்கு முன்னாடி தையல் நூல் கெடுது, வெயில்ல. நகத்தால நூலைச் சுரண்டிப் பாருங்க, அறுந்தா முழுத் தையலையும் மறுபடி போடணும். பாயைச் சுருட்டி உறை போட்டு வெச்சா ஆயுசு ரெண்டு மடங்கு.

தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி நாலு நாள் ஈரச் சாக்குப் போர்த்தி வெச்சோம். அப்படியும் இறக்கின அன்னிக்கு ஒழுகிச்சுங்க, சல்லடை மாதிரி. 38,000 ரூபாய் செலவழிச்சுட்டு இப்படியான்னு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஓடாவி கரையில உட்கார்ந்து வெத்தலை போட்டுட்டிருந்தார். ராத்திரி பூரா நானும் நண்பரும் மாத்தி மாத்தித் தண்ணி இறைச்சோம். ஒரு கோயமுத்தூர் பம்ப் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மறுநாள் மத்தியானத்துக்குப் பாதியாக் குறைஞ்சது. மூணாம் நாள் காலையில அடியில துணியை வெச்சுத் துடைச்சேன், துணி காய்ஞ்சே வந்தது. மரம் குடிச்சு, உப்பி, தானே இடுக்கை மூடிக்கிச்சு.

இப்படிப்பட்ட கைவேலையைக் குறைவா நினைக்க வேண்டாம்னு ரெண்டு சேதி சொல்றேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில நம்ம தமிழ்க் கைவினைஞர்கள் 1930 வாக்கில் கட்டின கப்பல் அன்னபூரணி. 89 அடி நீளம். அதை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்னு ஒரு அமெரிக்க மாலுமி விலைக்கு வாங்கினார். அவர் ஏற்கெனவே 32 அடிப் படகுல உலகத்தைச் சுத்தி வந்தவர், மரம் பார்க்கத் தெரிஞ்சவர். தன் மனைவி பேரை வெச்சு 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'னு மாத்தினார். அந்த அம்மா கிரேன் குடும்பத்துப் பொண்ணு. வால்வும் குழாயும் செஞ்சு பெரியாளான குடும்பம், நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொன்னாப் புரியும். வல்வெட்டித்துறை மாலுமிகளோட அந்தக் கப்பல் 1938 ஆகஸ்டுல அமெரிக்காவுல குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. இன்னொண்ணு, நம்ம திருகோணமலை பேரைத் தாங்கின 'டிரிங்கோமலி'ங்கற போர்க்கப்பல். 1817-ல் பம்பாயில தேக்குல கட்டினது. இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ங்கற ஊர்ல பத்து வருஷத்துக்கு மேல செப்பனிட்டு, இன்னிக்கும் தண்ணியில மிதக்குது. 200 வருஷம் தாண்டியாச்சு.

சரி, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கறார். நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். அடுத்த பொதுக்குழுவுல சி பிளாக் மொட்டை மாடிக்கு ரெண்டு கொட்டேஷன் வருது. ஒண்ணு, இருக்கற தளத்து மேலேயே வாட்டர்புரூப் பூச்சு, பத்து நாள்ல முடியும். இன்னொண்ணு, ஓட்டைப் பேர்த்து, கைப்பிடிச் சுவர் ஓரத்தைத் திறந்து, கம்பியைப் பார்த்து, காயவிட்டு மறுபடி போடறது. மூணு மடங்கு பணம். பொருளாளர் என்னை முறைக்கறார், பரவாயில்லை. மூணாவது மாடியில ரெண்டு வீட்டுக் கூரையில காரை உப்பி விழுந்திருக்கறதை நான் போய்ப் பார்த்தேன். கம்பி துருப்பிடிச்சு வீங்கித்தான் காரையைத் தள்ளுது. தளத்துக்குள்ளே இருக்கற ஈரத்தை வெளியே விடாம மேலே மூடினா என்ன ஆகும்னு எனக்கு 9,000 ரூபாய் பாடம் இருக்குதுங்க. பூச்சே கெட்டதுன்னு சொல்லலை. காய்ஞ்ச, நல்ல தளத்துக்கு அது நல்ல பொருள். சின்னப் படகுகளை முதல்லயே காய்ஞ்ச மரத்துல கட்டி, ரெண்டு பக்கமும் எப்பாக்ஸி பூசி, நல்லா ஓட்டறவங்களும் இருக்காங்க. நாம முதல்ல நாலு இடத்துல தட்டிப் பார்ப்போம், ஒரு இடத்தைத் திறந்து பார்ப்போம். ஐப்பசி மழைக்கு முன்னாடி அதுக்கு நேரம் இருக்குது. ஞாயித்துக்கிழமை காலையில சுத்தியலோட நான் மேலே போறேன். வர்றவங்க வரலாம்.

படகு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 1999-ல் திரும்ப கோயமுத்தூர் வந்தப்போ என் பங்கை நண்பருக்கே விட்டுட்டேன். அவர் 2010 வரைக்கும் ஓட்டினார், அப்புறம் வித்தார். ஓடாவி அதுக்கு முன்னாடியே காலமாயிட்டார். அவர் மகனுங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல வெல்டிங் வேலை. போன வருஷம் தூத்துக்குடி போனப்போ தோணிக் கொட்டகைகள் பக்கம் போனேன். சுத்தியல் சத்தம் ஒரு இடத்துலதான் கேட்டது.

இந்தப் பையில ரெண்டு மரத்துண்டு கொண்டு வந்திருக்கேன். ஒண்ணு, பைபருக்கு அடியில இருந்த பலகை. இன்னொண்ணு, அதே படகோட பழைய கருவேல வங்கு. பூச்சு படாத இடம். குழந்தைங்க உட்பட எல்லாரும் கையில எடுத்துப் பாருங்க. முதல் துண்டை மட்டும் மெதுவாப் பிடிங்க, உதிர்ந்துடும்.