தொகுதிக் கோடும் சேரியின் வாக்கும்



மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனின் நினைவில் கூடியிருக்கிறோம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு நின்று, நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்டவர் அவர். 1932 ஆகஸ்டில் அது கிடைத்தது. செப்டம்பர் 24இல், பூனா ஒப்பந்தத்தில், கைவிட்டுப் போனது. மாகாண சபைகளில் 71 இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. இடம் கூடியது, இறுதியில் தேர்ந்தெடுக்கும் கை மாறிவிட்டது.

இப்போது மறுபடியும் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேச்சு. நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் 39 குறையக்கூடாது என்று 2025 மார்ச்சில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. நாமும் அதையேதான் சொல்கிறோம். ஆனால் அந்தக் கோடு சட்டமன்றத் தொகுதிக்குள் எந்தச் சேரியை எந்தப் பக்கம் தள்ளும் என்று கேட்க ஆளில்லை.

நம் கடற்கரையையே பாருங்கள். 2006 தேர்தல்வரை திருப்போரூரும் அச்சிறுபாக்கமும் தனித்தொகுதிகள். 2008 மறுவரையறையில் அச்சிறுபாக்கம் மறைந்தது. செய்யூர் புதிதாக வந்து தனித்தொகுதியானது, மதுராந்தகமும் ஆனது. திருப்போரூர் பொதுவானது. செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியே இல்லாமல் போய், காஞ்சிபுரம் தனித்தொகுதியாயிற்று. மாமல்லபுரத்தில் சிலை செதுக்கும் தொழிலாளிக்கோ கடலோரச் சேரிக்கோ இதில் யாராவது கருத்துக் கேட்டார்களா?

பொதுத்தொகுதி என்றால் நமக்கு இழப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2021இல் அதே திருப்போரூரில் விடுதலைச் சிறுத்தைகளின் எஸ். எஸ். பாலாஜி பானைச் சின்னத்தில் வென்றார், இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். பொதுத்தொகுதி பொதுவாகவே இருக்கட்டும், நாமும் நிற்போம் என்று சொல்ல அந்த வெற்றி நமக்குத் தெம்பு தந்தது. கூட்டணி பலத்தை மறக்கவில்லை. ஆனாலும் அது பெரிய விஷயம்தான்.

நம் கவலை வேறு. பட்டியல் சாதியினரின் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமுள்ள பகுதிகளில், மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவலாக, தனித்தொகுதி அமைய வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டம். விகிதம் என்றால் மேலே நாம், கீழே மொத்த மக்கள்தொகை. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அடுக்குமாடிகள் எழும்பும்போது கீழே உள்ள எண் பெருக்கிறது. நாம் ஓரிடமும் நகராமலே நம் விகிதம் இறங்கும். அந்த மாடிகள் எந்த மண்மேல் நிற்கின்றன என்றும் கேட்க வேண்டும். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை எழுதியது 1891இல். அதை ஒட்டி வந்தது பஞ்சமி நிலம். அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். நிலம் போன வழியிலேயே தொகுதியும் போகப் பார்க்கிறது.

மேலே உள்ள எண்ணும் முழுமையானதல்ல. 1950 ஆணைப்படி கிறித்தவரான நம் சொந்தங்கள் பட்டியலில் இல்லை. ஒரே தெருவில் அண்ணன் கணக்கில் உண்டு, தம்பி இல்லை. அவர்களை விட்டுவிட்டுப் பார்த்தாலுமே 2011 கணக்கில் நாம் 20 விழுக்காடு. 234இல் 44 தனித்தொகுதிகள் என்பது 2001இன் 19 விழுக்காட்டுக் கணக்கு. இன்றைக்குப் போட்டால் 47 வரும்.

ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும், பொது அமர்வு நடத்தும். எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், வாக்கு கிடையாது. இறுதி ஆணை வந்தபின் அதை நீதிமன்றத்தில் எதிர்ப்பது மிகக் கடினம். ஆகவே வரைவுக்கும் இறுதி ஆணைக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் நமக்கு. செய்யூர், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் வட்டங்களில் கிராமம் கிராமமாக, எந்தச் சேரி எந்த வாக்குச்சாவடி, எத்தனை குடும்பம் என்ற கணக்கை இந்த அரங்கில் இருக்கிற இளைஞர்கள் இப்போதே எடுக்கத் தொடங்குங்கள். அமர்வுக்கு வரைபடத்தோடு போவோம்.